எந்த ஊர்ப் பத்து மணி? வெளிநாட்டுப் பயணத்தில் இன்சுலினும் உணவும்

உணவு வண்டி எட்டு வரிசைக்கு முன்னால் நின்றிருந்தது. ஐந்து நிமிடத்தில் என்னிடம் வந்துவிடும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுவிட்டேன். இன்சுலின் பேனாவை மூடிப் பைக்குள் வைப்பதற்குள் விமானம் குலுங்கத் தொடங்கியது. இருக்கைப் பட்டையை மாட்டச் சொல்லும் விளக்கு எரிந்தது. வண்டி வந்த வழியே உருண்டு போனது. அரை மணி நேரத்துக்கு மேல் யாரும் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை இறங்கி விரல்கள் நடுங்கத் தொடங்கியபோது சட்டைப் பையில் இருந்த குளுக்கோஸ் மாத்திரைகளை ஒவ்வொன்றாக மென்றுகொண்டு, இத்தனை வருடம் ஊசி போட்டும் புத்தி வரவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வீட்டில் இதே தவறைச் செய்திருந்தால் எழுந்து நான்கு எட்டு வைத்து எதையாவது எடுத்து வாயில் போட்டிருப்பேன். பயணத்தில் அந்த நான்கு எட்டு கிடைப்பதில்லை. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் வெளிநாட்டில் படும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்பது என் அனுபவம். மருந்தின் அளவு சரியாக இருக்கும், உணவும் நல்ல உணவாகவே இருக்கும், இரண்டும் சந்திக்க வேண்டிய நேரம் தப்பிப்போயிருக்கும். "போகிற இடத்தில் என்னென்ன சாப்பிடக் கூடாது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கடைசியாகப் போட்ட ஊசி இப்போது உடம்புக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது?

இரண்டு ஊசி, இரண்டு வேலை

நாம் எதுவும் சாப்பிடாமல் தூங்கும்போதும் கல்லீரல் சிறிது சிறிதாகச் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதைக் கட்டுக்குள் வைக்க இரவும் பகலும் மெல்லிய அளவில் இன்சுலின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நீண்ட நேர இன்சுலினின் வேலை இது. கிளார்ஜின் ஏறக்குறைய 24 மணி நேரம் தாங்கும். டெக்லுடெக் 42 மணி நேரத்தையும் தாண்டும்.

இன்னொரு வேலை, சாப்பாட்டால் ஏறும் சர்க்கரையை இறக்குவது. அஸ்பார்ட், லிஸ்ப்ரோ, குளுலிசின் போன்ற வேக இன்சுலின்கள் போட்ட 10 முதல் 20 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பழைய வகையான ரெகுலர் இன்சுலின் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடச் சொல்வது அதனால்தான்.

நீண்ட நேர ஊசி கடிகாரத்தோடு கட்டப்பட்டது, வேக ஊசி தட்டோடு கட்டப்பட்டது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் பயணத்தின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டையும் ஒரே குப்பியில் சேர்த்து அடைத்த கலவை இன்சுலின் போடுகிறவர்கள் பாடுதான் சற்றுச் சிரமம். சாப்பாடு தள்ளிப்போனால் ஊசியும் தள்ளிப்போகிறது; ஊசி தள்ளிப்போனால் நாள் முழுவதற்குமான காவலும் சேர்ந்தே தள்ளிப்போகிறது. நீண்ட பயணமாக இருந்தால், அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் தனித்தனி ஊசிக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்காதீர்கள். புதிய முறைக்கு உடம்பு பழக வேண்டும், நீங்களும் பழக வேண்டும். ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

கடிகாரக் கணக்கு

கைப்பேசியில் இரவு பத்து மணிக்கு ஊசி நினைவூட்டல் வைத்திருக்கிறீர்கள். எட்டு மணி நேரம் முன்னால் ஓடும் நாட்டில் போய் இறங்குகிறீர்கள். கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொண்டு, அந்த ஊர்ப் பத்து மணிக்குச் சமர்த்தாக மணி அடிக்கிறது. நீங்களும் பழக்க தோஷத்தில் ஊசியைப் போட்டுக்கொள்கிறீர்கள். முந்தின ஊசிக்கும் இதற்கும் இடையே 24 மணி நேரம் ஓடவில்லை, 16 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. முந்தின மருந்தில் எட்டு மணி நேர வேலை இன்னும் பாக்கி இருக்க, அதன் தலைமேல் புது மருந்து ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அன்று இரவு தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் அதில் ஆச்சரியம் இல்லை.

கிழக்கே பறந்தால் நாள் சுருங்குகிறது, மேற்கே பறந்தால் நீள்கிறது. சுருங்கிய நாளுக்கு நீண்ட நேர இன்சுலின் குறைவாகப் போதும். வழக்கமாக 24 யூனிட் போடுகிறவர் என்றால், 16 மணி நேர நாளுக்கு அதே விகிதத்தில் 16 யூனிட் என்று அந்த ஒரு வேளைக்கு மட்டும் குறைப்பது ஒரு வழி. மேற்கே போனால் இதன் மறுபக்கம்: அடுத்த பத்து மணி வர 32 மணி நேரம் ஆகிறது, நடுவில் எட்டு மணி நேரம் காவல் இல்லாமல் கிடக்கிறது. அந்த இடைவெளியை ஒரு சிறு கூடுதல் ஊசியால் நிரப்பலாம். ஊசி நேரத்தை நாளுக்கு ஓரிரண்டு மணி நேரமாக நகர்த்திக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இந்த எண்கள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்டுவதற்காகச் சொன்னவை. உங்களுக்கான எண்ணை உங்கள் மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும். பயணச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், புறப்படும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் அவர் முன் வைத்தால் வேலை எளிதாகும்.

நேர வித்தியாசம் நான்கு மணி நேரத்துக்குள் என்றால் பொதுவாக இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. டெக்லுடெக் போடுகிறவர்களுக்கு நெகிழ்வு அதிகம். இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது எட்டு மணி நேரம் இருந்தால் போதும் என்பது அதன் விதி.

குழப்பம் வந்தால் எந்தப் பக்கம் சாய்வது? பயண நாளில் சர்க்கரை சில மணி நேரம் கொஞ்சம் ஏறி நிற்பதைத் தாங்கிக்கொள்ளலாம், நடுவானில் மயங்கி விழுவதைத் தாங்க முடியாது. ஆனால் முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் நீண்ட நேர இன்சுலினை அடியோடு விட்டுவிடக் கூடாது. இன்சுலினே இல்லாத உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலப் பொருளைக் குவிக்கத் தொடங்கும், சில மணி நேரத்திலேயே நிலைமை கெட்டுவிடும்.

உடம்பில் மாட்டிக்கொண்டு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பெரும்பாலான பம்புகளின் கடிகாரத்தை நாம்தான் மாற்ற வேண்டும். கைப்பேசி மாறிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். மற்றவர்கள் கையில் ஒரு பழைய கைக்கடிகாரத்தைப் பயணம் முடியும்வரை வீட்டு நேரத்திலேயே விட்டுவைக்கலாம். "கடைசி ஊசி போட்டு எத்தனை மணி நேரம்?" என்பதற்கு விரல் விட்டு எண்ணாமல் பதில் கிடைக்கும்.

தட்டு முன்னால் வரட்டும்

என் விமானக் கதையின் பாடம் இதுதான். பயணத்தில் வேக இன்சுலினை உணவு கைக்கு வந்த பிறகு போடுங்கள். பத்து நிமிடம் முன்னால் போட்டால் சர்க்கரை இன்னும் அழகாகக் கட்டுப்படும் என்பது உண்மைதான். அந்த அழகை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். உணவகத்தில் சொன்னது வரத் தாமதமாகும், வந்தது வேறாக இருக்கும், வாயில் வைத்தால் பிடிக்காமல் போகும்.

பெயரே தெரியாத ஒரு பதார்த்தம் தட்டில் வந்து உட்காரும்போது, முதலில் மாவுச்சத்தைத் தேடிப் பிடியுங்கள். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் அது சில வேடங்களில்தான் வரும்: அரிசி, ரொட்டி, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, சோளம், பருப்பு வகைகள், பழம், இனிப்பு. 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் கண்ணளவில் கணக்கிட முடியும். சாதாரண ரொட்டித் துண்டு ஒன்று ஒரு பங்கு. வேகவைத்த சாதம் மூன்றில் ஒரு கப் ஒரு பங்கு. நடுத்தர வாழைப்பழம் ஏறக்குறைய இரண்டு பங்கு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, வீட்டுச் சாப்பாட்டைத் தராசில் நிறுத்துப் பார்த்து, உங்கள் மூடிய கைமுட்டி அளவு சாதம் எத்தனை கிராம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கைமுட்டியை எங்கும் மறந்துவைத்துவிட்டுப் போக முடியாது.

அடுத்தது ஒளிந்திருக்கும் சர்க்கரை. பளபளவென்று கெட்டியாக மினுக்கும் குழம்புகளிலும் சாஸ்களிலும் அது இருக்கும். அதைவிட மோசமானவை பானங்கள். 330 மில்லிலிட்டர் கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, அதாவது எட்டு ஒன்பது தேக்கரண்டி. புதிய பழச்சாறும் இந்த விஷயத்தில் யோக்கியமானது அல்ல. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதியிருந்தால் வெளியிலிருந்து போடவில்லை என்று மட்டுமே பொருள், பழத்தில் உள்ளது உள்ளபடியே இருக்கும்.

கொழுப்பு மூன்றாவது. பாலாடைக்கட்டி வழியும் பீட்சா, எண்ணெயில் பொரித்த உணவு போன்றவை வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். வேக இன்சுலின் இரண்டு மணி நேரத்தில் உச்சத்தில் நிற்க, மாவுச்சத்து இன்னும் வந்துசேர்ந்திருக்காது. சர்க்கரை முதலில் தாழும், பிறகு ஊசி ஓய்ந்த நேரத்தில், நள்ளிரவில், ஏறும். படுக்கும்போது 120, காலையில் 280 என்று கண்டு திகைப்பவர்கள் முந்தின இரவுத் தட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட உணவுக்கு ஊசியை இரண்டாகப் பிரித்துப் போடும் முறை உண்டு. அதையும் மருத்துவரிடம் கற்றுக்கொண்டே போகலாம்.

வேண்டிய அளவு எடுத்துச் சாப்பிடும் பஃபே விருந்துகளில் முதல் தட்டுக்கு மட்டும் ஊசி போட்டால் போதும். இரண்டாவது தட்டு எடுத்தால் அதற்குத் தனியாக யோசிக்கலாம். ஆனால் அரை மணிக்கு ஒருமுறை "கொஞ்சம் ஏறியிருக்கிறதே" என்று ஊசிமேல் ஊசி போடுவது ஆபத்து. முன்னால் போட்டவை எல்லாம் பின்னால் ஒன்றாகச் சேர்ந்து வேலை காட்டும்.

பொட்டலத்தில் அடைத்த உணவை வாங்கினால் பின்பக்க அட்டவணையில் மொத்த மாவுச்சத்தைப் பாருங்கள், சர்க்கரை என்ற வரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எண்கள் 100 கிராமுக்கா, ஒரு வேளைக்கா என்பதும் முக்கியம். இன்னொரு நுணுக்கம்: அமெரிக்காவில் மாவுச்சத்துக் கணக்கில் நார்ச்சத்தும் சேர்ந்திருக்கும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நார்ச்சத்து தனியாக இருக்கும், மாவுச்சத்தில் சேராது.

மது அருந்துகிறவர்களுக்கு: சாராயத்தை முறிக்கும் வேலையில் கல்லீரல் மும்முரமாக இருக்கும்போது, புதிதாகச் சர்க்கரை தயாரித்து இரத்தத்தில் விடும் வேலை தடைப்படுகிறது. சர்க்கரை இறங்குவது பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில் நடக்கலாம். தள்ளாட்டத்தைப் பார்க்கிறவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம்.

கால்களும் வெயிலும்

சுற்றுலாவில் எல்லோரும் நடக்கிறோம். அலுவலக நாற்காலியில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று பத்துக் கிலோமீட்டர் நடக்கிறார், படியேறுகிறார், வரிசையில் நிற்கிறார். உழைத்த தசைகள் சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்ளும், அதே இன்சுலின் முன்பைவிட வலுவாக வேலை செய்யும். இந்த விளைவு நடை நின்றவுடன் நிற்பதில்லை, மறுநாள்வரைகூட நீளும். நிறைய நடந்த நாளில் படுக்கப் போகும்முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வெயிலும் இதற்குத் துணை போகும். தோல் சூடானால் அதன் அடியில் இரத்த ஓட்டம் கூடி, ஊசி மருந்து வேகமாக உறிஞ்சப்படும். ஊசி போட்ட கையோடு வெந்நீர்த் தொட்டியில் இறங்குவதும் அப்படித்தான்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் வேகமான சர்க்கரை: நான்கு தேக்கரண்டி சர்க்கரை, அல்லது அரை டம்ளருக்குச் சற்றுக் கூடுதலான பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. சாக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்திவிடும்.

விரலில் பார்க்கும்போது நடக்கும் ஒரு வேடிக்கை உண்டு. ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, அதே விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள்; மீட்டர் 300 காட்டினாலும் காட்டும். அது பழச்சாற்றின் அளவு, உங்கள் இரத்தத்தின் அளவு அல்ல. அதை நம்பி ஊசி போட்டால் வேடிக்கை வினையாகும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டைப் பயன்படுத்தலாம்.

மருந்துக்கும் வெயில் படும்

திறக்காத இன்சுலினின் இடம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி. பயன்பாட்டில் உள்ள பேனாவை வெளியில் வைக்கலாம். பெரும்பாலான வகைகளுக்கு 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் என்பது வரம்பு. உங்கள் மருந்தின் சரியான வரம்பு அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் உண்டு. வெயிலில் நிறுத்திய கார், கடற்கரையில் கிடக்கும் பை இரண்டும் இன்சுலினுக்கு அடுப்பு மாதிரி.

சூட்டைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள், குளிரைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. விடுதி அறையின் சின்னக் குளிர்பெட்டியைத் திறந்து, பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். பலவற்றில் அங்கே பனி படிந்திருக்கும். பேனா அதில் ஒட்டிக்கொண்டு ஓர் இரவு கிடந்தால் உறைந்துவிடும். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குப் பழைய மாதிரியே தெளிவாக இருக்கக்கூடும், ஆனால் அதை நம்ப முடியாது, எறிந்துவிட வேண்டும். கதவுப் பக்கத் தட்டில், ஒரு துணியில் சுற்றி வையுங்கள். பனிக்கட்டிப் பையில் வைத்தாலும் நேரடியாக ஒட்டவிடக் கூடாது. பனி பெய்யும் ஊரில் மேல்கோட்டின் வெளிப்பையை விட உள்சட்டைப் பை நல்லது.

விமானத்தில் இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டி தொலைந்தால் மருந்தும் தொலையும், அங்கே குளிரும் நம் கட்டுப்பாட்டில் இல்லை. எல்லாவற்றையும் இரட்டிப்பாக எடுத்துக்கொண்டு, உடன் வருபவரின் கைப்பையில் பாதியைக் கொடுத்துவையுங்கள். 100 மில்லிலிட்டர் திரவ விதியிலிருந்து மருந்துகளுக்கு விலக்கு உண்டு. மருத்துவர் கடிதமும் மருந்துச் சீட்டும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். பம்ப், சர்க்கரையை அளக்கும் சென்சார் அணிந்தவர்கள் அவை எக்ஸ்ரே பெட்டிக்குள்ளும் உடல் ஸ்கேனருக்குள்ளும் போகலாமா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் முன்பே பார்த்துவிட்டு, தேவையானால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அங்கே போய் மருந்து வாங்க நேர்ந்தால்

இன்சுலினின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். நோவோராபிட் என்று பல நாடுகளில் விற்கும் மருந்து அமெரிக்காவில் நோவோலாக், இரண்டுமே அஸ்பார்ட். கலவை இன்சுலினில் எண்களே திரும்பிக்கொள்கின்றன: ஓரிடத்தில் 30/70 என்று எழுதியிருப்பது இன்னோரிடத்தில் 70/30. அதனால் மருந்தின் மூலப்பெயரையும், எது வேக இன்சுலின் எது மெதுவானது என்ற விவரத்தையும் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி அடர்த்தி. உலகில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் இருக்கும் யு-100 புழங்குகிறது. சில நாடுகளில் 40 யூனிட் மட்டும் இருக்கும் யு-40 குப்பிகளும் அதற்கான தனி சிரிஞ்சும் இன்னும் உண்டு. யு-40 சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் அரை மில்லிலிட்டர். அதில் யு-100 மருந்தை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. ஊசியும் குப்பியும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பார்க்காமல் இழுக்காதீர்கள்.

மீட்டரின் அலகும் மாறலாம். புதிதாக வாங்கிய மீட்டர் 12 என்று காட்டினால் பதறிச் சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது மில்லிமோல் அலகாக இருக்கும். 18 ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய மில்லிகிராம் கணக்கில் 216.

வயிறு கெட்டால்

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் "சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு?" என்று தோன்றும். நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது. உடம்பு நோயோடு போராடும்போது சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். வேக இன்சுலினைத்தான் சாப்பிட்ட அளவுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள், தண்ணீரைச் சிறு சிறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருங்கள். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் கீட்டோன் பார்க்கும் பட்டைகளைக் கூடவே கொண்டுபோக வேண்டும். கீட்டோன் கூடியிருந்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றாலோ விடுதியில் படுத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். "எனக்கு நீரிழிவு இருக்கிறது, இன்சுலின் போடுகிறேன், நான் மயங்கினால் மருத்துவ உதவியை அழையுங்கள்" என்ற வாசகத்தை அந்த நாட்டு மொழியில் எழுதிய ஒரு தாள் பணப்பையில் இருக்கட்டும்.

திரும்பி வரும்போது கடிகாரக் கணக்கு தலைகீழாக ஓடும். போகும்போது குறைத்தவர் வரும்போது இடைவெளியை நிரப்ப வேண்டியிருக்கும்; அந்தத் திட்டத்தையும் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிக்கும்போது, பயணம் போய்வந்த பேனாவைத் தேடி எடுத்து, திறந்த தேதியைப் பாருங்கள். 28 நாள் தாண்டியிருந்தாலோ, எந்த வெயிலில் கிடந்தது என்று நினைவில்லை என்றாலோ, உள்ளே பாதி மருந்து மிச்சம் இருந்தாலும் அதைக் கழித்துவிட்டுப் புதியதைத் திறங்கள்.